புயல் இரவில் இன்வெர்ட்டர் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்து சரிசெய்வது

எங்கள் குடியிருப்பில் பதினாறு வீடுகள். வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12-க்கு அப்புறம், காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே யாராவது ஒருவர் என் கதவைத் தட்டி "அண்ணே, இன்வெர்ட்டர் எடுக்கமாட்டேங்குது" என்று நிற்பார். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளப்பது), ஒரு ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி அளப்பது), இரண்டு ஸ்பேனர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் பார்த்ததில் பாதிக்கு மேல் காசே செலவாகாத கோளாறுகள். டெர்மினலில் பூத்த உப்பு, வற்றிப்போன டிஸ்டில்டு வாட்டர், யாரோ தெரியாமல் தட்டிவிட்ட சுவிட்ச். ஆனால் இவையெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு, மழை கொட்டும்போது, கடை எல்லாம் மூடிய பிறகுதான் தெரியவருகிறது.

வீடுகளில் பரவலாக இருக்கும் 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் ஆசிட் வகை) வைத்துச் சொல்கிறேன். லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு பேட்டரிப் பகுதி பொருந்தாது.

## கை வைக்கும் முன்

ஈபி கரண்ட் இல்லை என்பதால் வயரில் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் ஓடினால் பிளக் பாயிண்டில் 230 வோல்ட் இருக்கும். மெயினை இறக்கினாலும் இருக்கும். சொல்லப்போனால் மெயினை இறக்கினால்தான் அது "கரண்ட் போச்சு" என்று நினைத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். அதனால் முதலில் இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்து, அதன் பிளக்கையும் உருவிவிட்டு, அப்புறம் பேட்டரி பக்கம் போங்கள்.

மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு டெர்மினலையும் ஒன்றாகத் தொட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைப் பொசுக்கிவிடும். கழற்றும்போது கறுப்பு வயர் முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச் போதும்; சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

## தெருவில் வெளிச்சம், என் வீட்டில் மட்டும் இருட்டு

இது கரண்ட் கட் இல்லை, உங்கள் வீட்டுக் கோளாறு. டிபி பாக்ஸைத் (வீட்டு லைன்களின் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டி) திறந்து ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கீழே விழுந்திருக்கிறதா பாருங்கள். விழுந்திருந்தால் ஒரு தடவை மேலே தூக்குங்கள். மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கி அதனுடன் சண்டை போடாதீர்கள். எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சின்ன சுவிட்ச்) இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை மட்டும் ஏற்றி, பிறகு ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் ஈரம். அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றதை வைத்து ராத்திரியை ஓட்டலாம். மழைக்காலத்தில் நான் பார்த்தவரை முதல் குற்றவாளி கேட் லைட் அல்லது மொட்டை மாடி லைட், அடுத்தது காலிங் பெல், அதற்கடுத்தது மோட்டார்.

எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி விழுந்தால் அது நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) எங்கோ எர்த்தோடு உரசுகிறது என்று அர்த்தம். எம்சிபி ஃபேஸை (கரண்ட் வரும் வயர்) மட்டும்தான் துண்டிக்கும், அதனால் இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிபி பாக்ஸில் எதுவும் விழவில்லை, டெஸ்டர் மெயினிலேயே எரியவில்லை என்றால் கோளாறு மீட்டருக்கு அந்தப் பக்கம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் யாருக்காவது இருந்தால், மழையில் தயவுசெய்து வேண்டாம்.

## சில லைட் பளீரென எரிகிறது, சிலது மங்குகிறது

இதற்கு மட்டும் எந்தச் சோதனையும் இல்லை. உடனே மெயினை இறக்குங்கள், அப்புறம் யோசியுங்கள். மரம் விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு பக்கம் வோல்டேஜ் முன்னூறைத் தாண்டிப் போய் ஃபிரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டரின் சார்ஜர் என்று வரிசையாகப் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் குரல் கொடுங்கள், அவர் வீட்டிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். மின்னகத்துக்குச் சொல்லிவிட்டு, லைன்மேன் வந்து சரிசெய்தேன் என்று சொல்லும்வரை மெயினை ஏற்றாதீர்கள்.

## கரண்ட் போனது, இன்வெர்ட்டரில் உயிரே இல்லை

முன்பக்க சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பத்தில் இரண்டு இதுதான். ஊருக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது வீட்டில் இருக்கும் குட்டி அழுத்தியிருக்கும். அடுத்தது பின்பக்கம் இருக்கும் பைபாஸ் சுவிட்ச். சர்வீஸுக்கு வந்தவர் பைபாஸில் தள்ளிவிட்டு மறந்து போயிருப்பார். ஈபி இருக்கும்வரை எல்லாம் எரியும், போனதும் எதுவும் எரியாது, நாம் ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்போம்.

அதுவும் சரி என்றால் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருக்கும், வயரை அசைத்தால் ஆடும். கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்து (தண்ணீர் பேட்டரியின் மூடிகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்), துடைத்துக் காயவைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் பூசுங்கள். பேட்டரிக் கடையில் தருவது கிரீஸ் என்றால் அதையும் மாட்டிய பிறகு மேலேதான் பூச வேண்டும், மாட்டுவதற்கு முன் இடையில் அல்ல.

இன்னும் எடுக்கவில்லையா, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு டெர்மினலிலும் தொடுங்கள். 12-க்கு மேல் காட்டுகிறது, ஆனால் இன்வெர்ட்டர் எடுக்கவில்லை என்றால் கோளாறு இன்வெர்ட்டர் பெட்டிக்குள். உள்ளே ஃபியூஸ் போயிருக்கலாம், போர்டு போயிருக்கலாம், இரண்டும் உங்கள் வேலை இல்லை, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். 10.5-க்குக் கீழே என்றால் பேட்டரி காலி. ஏன் காலி என்பது அடுத்தடுத்த பகுதிகளில்.

இன்வெர்ட்டர் ஓடுகிறது, ஒரு ரூமில் மட்டும் லைட் இல்லை என்றால் அந்த ரூமுக்கு இன்வெர்ட்டர் லைனே இழுத்திருக்க மாட்டார்கள். வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு பகல் நேரத்தில் மெயினை இறக்கி எந்தெந்த பாயிண்ட் எரிகிறது என்று பார்த்து, அந்த சுவிட்சுகளில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

## ஓட ஆரம்பித்து பீப் பீப் என்று கத்தி நின்றுவிடுகிறது

ஓவர்லோடு. வீட்டில் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, கீஸர், அந்த பாயிண்டில் யாரோ செருகிய எலக்ட்ரிக் கெட்டில். 900 விஏ இன்வெர்ட்டர் நடைமுறையில் எழுநூறு வாட் பக்கம்தான் தாங்கும், கெட்டில் ஒன்றே ஆயிரத்து ஐந்நூறு கேட்கும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரீசெட் அழுத்தி, ஒரு லைட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அது ஓடும்போது நூற்றைம்பது வாட்தான் இழுத்தாலும், கம்ப்ரஸர் எழுந்திருக்கும் அந்த நொடியில் பல மடங்கு இழுக்கும். ஒரு லைட் மட்டும் போட்டும் கத்துகிறது என்றால் அது ஓவர்லோடு இல்லை, பேட்டரி தாழ்ந்துவிட்டது அல்லது எங்கோ ஷார்ட். இன்வெர்ட்டரின் அவுட்புட் வயரைக் கழற்றிவிட்டு, அதன் பின்பக்க சாக்கெட்டிலேயே ஒரு டேபிள் லேம்ப்பைச் செருகிப் பாருங்கள். லேம்ப் நிம்மதியாக எரிந்தால் வீட்டு வயரிங்கில் தகராறு, எலக்ட்ரீஷியன். எரியாவிட்டால் இன்வெர்ட்டர் சர்வீஸ்.

ஃபேன் மட்டும் உறுமுகிறது, மற்றதெல்லாம் சரி என்றால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் (ஈபி மாதிரி சீரான அலையாகக் கொடுக்காத வகை). கோளாறு இல்லை, பிறவிக் குணம்.

## முன்பு ஐந்து மணி நேரம் வந்தது, இப்போது அரை மணியில் அணைகிறது

கதவு தட்டல்களில் முக்கால்வாசி இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் உண்மையிலேயே குறைந்ததா என்று கணக்குப் போடுங்கள். 150 ஏஹெச், 12 வோல்ட் என்றால் காகிதத்தில் 1800 வாட்-மணி. புது பேட்டரியிலேயே கைக்கு வருவது சுமார் 1200. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன், மூன்று எல்ஈடி, ஒரு வைஃபை பெட்டி என்றால் 190 வாட், அதாவது ஆறு மணி நேரம். பேரப்பிள்ளைகள் வந்து நாலு ஃபேனும் டிவியும் ஓடினால் அது மூன்று மணி நேரம், அதற்கு பேட்டரியைத் திட்டி பயனில்லை. (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம்தான். புது பேட்டரி வாங்கும் காசில் பாதியைக் கொடுத்து இரண்டு ஃபேனை மாற்றினாலே பேக்கப் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் எங்கள் கட்டிடத்தில் மூன்றே பேர்.)

இரண்டாவது, முழுசாக சார்ஜ் ஏறியிருந்ததா? காலியான பேட்டரி நிரம்பப் பத்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். புயல் சமயத்தில் கரண்ட் வந்து வந்து போகும். ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போனால் அரை மணி ஒரு மணி நேரத்துக்குத்தான் ஏறியிருக்கும். இது கோளாறே இல்லை.

மூன்றாவது டிஸ்டில்டு வாட்டர். பேட்டரியின் ஆறு மூடியிலும் மிதவைக் குச்சி இருக்கும், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்க வேண்டும். சிவப்புக்கு இறங்கியிருந்தால் ஊற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வேண்டாம், "மழைத்தண்ணி சுத்தமானதுதானே" என்று எங்கள் மாடிப் பெரியவர் ஒருவர் பிடித்து ஊற்றியதும் வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. தகடே வெளியே தெரிகிற அளவு வற்றியிருந்தால் தகடு முங்கும் அளவு மட்டும் ஊற்றி, முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டு மீதியை ஊற்றுங்கள். முதலிலேயே கழுத்துவரை ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழிந்து டைல்ஸை அரித்துவிடும்.

நான்காவது ஹைட்ரோமீட்டர். முழு சார்ஜ் ஏறியபின், தண்ணீர் ஊற்றிய அன்றே அல்ல, ஒரு நாள் விட்டு, ஆறு மூடியிலும் உறிஞ்சிப் பாருங்கள். ஆறும் 1.240 பக்கம் நின்றால் பேட்டரி ஆரோக்கியம். ஆறும் ஒன்றுபோல 1.180, 1.170 என்று கிடந்தால் பட்டினி கிடந்த பேட்டரி; இரண்டு நாள் விடாமல் சார்ஜில் விட்டு மறுபடி பாருங்கள், சில சமயம் தேறிவிடும். ஐந்து 1.240, ஒன்று மட்டும் 1.150 என்றால் அந்த மூடிக்குக் கீழே இருக்கும் செல் போய்விட்டது. ஒரு செல்லை மட்டும் மாற்ற முடியாது, முழு பேட்டரிதான்.

ஹைட்ரோமீட்டர் இல்லாதவர்கள் மல்டிமீட்டரில் பார்க்கலாம். முழு சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரை அணைத்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து 12.5 பக்கமாவது காட்ட வேண்டும். அப்புறம் ஒரு ஃபேன், இரண்டு லைட் போட்டு, மெயினை இறக்கி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இவ்வளவு சின்ன லோடுக்கே 11.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி வயதாகிவிட்டது.

நாலைந்து வருடம் உழைத்த பேட்டரி என்றால் அதை அடித்து எழுப்பப் பார்க்காதீர்கள். பவுடர் போடுகிறேன், ரீகண்டிஷன் பண்ணுகிறேன் என்று வருபவரிடம் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன், இருபது நாள் நன்றாக ஓடியது. மாற்றும் முன் வாரண்டி அட்டையைத் தேடுங்கள், பேட்டரியிலேயே வரிசை எண் இருக்கும், வாரண்டிக்குள் என்றால் செல் போனதற்கு மாற்றித் தர வேண்டும். புதுசு வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், அதையும் கேளுங்கள்.

## கரண்ட் வந்த பிறகும் பேட்டரியிலேயே ஓடுகிறது

பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் (அல்லது ஈகோ) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ்ஸில் இருந்தால் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கியதும் அது ஈபியை ஏற்காது. மழைக்காலத்தில் லோ வோல்டேஜ் சகஜம். நார்மலுக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். மாற்றியும் இல்லை என்றால் இன்வெர்ட்டர் பிளக் இருக்கும் பாயிண்டில் வேறு எதையாவது செருகிப் பாருங்கள், பாயிண்டிலேயே கரண்ட் வராமல் இருக்கலாம். அடுத்தது பின்பக்கம் இருக்கும் ஃபியூஸ் அல்லது ரீசெட் பட்டன். எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி டெர்மினலில் வோல்டேஜ் 13.5-ஐத் தாண்டி ஏறவே இல்லை என்றால் சார்ஜர் போய்விட்டது, சர்வீஸ்தான்.

## அழுகிய முட்டை வாடை, பேட்டரி தொட்டால் சுடுகிறது

சுவிட்ச், பிளக் இரண்டையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே அனுப்புங்கள். ஒரு செல் ஷார்ட் ஆகியோ, சார்ஜர் அளவு தெரியாமல் ஏற்றியோ பேட்டரி கொதிக்கிறது. பக்கவாட்டில் உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். ஆறிய பிறகு சர்வீஸ் ஆள் வந்து கழற்றட்டும். ஆசிட் தோலில் பட்டால் குழாயைத் திறந்துவிட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி, வண்டி இல்லை என்றால் 108.

இதே வாடை சமையலறைப் பக்கம் இருந்து வந்தால் அது கேஸ். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அடியுங்கள்.

## இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் ஆர்சிசிபி விழுகிறது

இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு எங்கோ இருந்து எடுத்துக் கலந்துவிட்டார்கள். வயரிங் செய்தவரின் தவறு, எலக்ட்ரீஷியன்தான் பிரிக்க வேண்டும். ஆர்சிசிபியையே கழற்றிவிட்டால் விழாது என்று யோசனை சொல்பவரை அன்றோடு மாற்றிவிடுங்கள்.

## வாசலில் தண்ணீர் ஏறுகிறது

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் தரைத்தளத்தில் போன இன்வெர்ட்டர்களுக்குக் கணக்கில்லை. காரணம் எல்லா வீட்டிலும் ஒன்றேதான், சக்கரம் வைத்த ட்ராலியோடு அது தரையில் நிற்கிறது. 150 ஏஹெச் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல், தண்ணீர் வந்தபின் தனியாளாகத் தூக்க முடியாது. மழை எச்சரிக்கை வந்ததும் இரண்டு பேராகத் தூக்கி, நிமிர்த்தியபடியே, சிமெண்ட் ஸ்லாபிலோ கனமான பெஞ்சிலோ வைத்துவிடுங்கள்.

தண்ணீர் பிளக் பாயிண்டை நெருங்கினால் மெயினையும் இன்வெர்ட்டரையும் இரண்டையும் அணைக்க வேண்டும். மெயினை மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். ஏற்கெனவே தண்ணீரில் நின்றுதான் சுவிட்சை எட்ட முடியும் என்றால் விட்டுவிட்டு வெளியேறி, மின்னகத்துக்குச் சொல்லித் தெருவையே நிறுத்தச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

வடிந்த பிறகு, நனைந்த இன்வெர்ட்டரை வெயிலில் காயவைத்துப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். போடாதீர்கள். சேறு போர்டில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் ஷார்ட் அடிக்கும். தண்ணீர் முங்கிய சாக்கெட்டுகளையும் எலக்ட்ரீஷியன் மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகுதான் மெயினை ஏற்ற வேண்டும்.

## எல்லாம் சரியாக ஓடியது, இரண்டாம் நாளும் கரண்ட் வரவில்லை

கஜா புயலுக்குப் பின் (2018 நவம்பர் 16) டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. எந்த இன்வெர்ட்டரும் அதற்குப் போதாது. ஆனால் முதல் ராத்திரியே 1200 வாட்-மணியையும் ஃபேனில் தீர்க்காமல், "இன்றைக்கு வராது போல" என்று தெரிந்ததும் ஒரு லைட், போன் சார்ஜ், நெபுலைசர் மாதிரி மருத்துவ சாமான் என்று சுருக்கிக்கொண்டால் இரண்டு மூன்று நாள் இழுக்கலாம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதற்காக ஃபிரிட்ஜை ஓட்ட வேண்டாம். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நனையாமல் வைத்தால் சில நாள் தாங்கும், ஐஸோடு ஒட்டி உறைந்துவிட மட்டும் விடக்கூடாது.

தண்ணீர்தான் முதலில் முடியும். வீட்டு இன்வெர்ட்டர் மோட்டாரை இழுக்காது, அதனால் புயல் செய்தி வந்ததும் மொட்டை மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு, குடிக்கும் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். வாடகை ஜெனரேட்டர் எடுத்தால் மோட்டாருக்கு நேராகத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். பிளக் பாயிண்ட் வழியாக வீட்டு லைனுக்குள் கொடுத்தால் அது வெளியே போய் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். ஜெனரேட்டரை வராந்தாவிலோ மூடிய கார் நிறுத்தத்திலோ ஓட்டவும் கூடாது, புகை வாடை தெரிவதற்குள் ஆள் மயங்கிவிடுவார்.

## எதுவும் கெடவில்லை, சும்மா பார்க்க வேண்டும்

செப்டம்பர் கடைசி ஞாயிறு, காலை எட்டு மணிக்கு மெயினை இறக்கி, புயல் ராத்திரியில் என்ன ஓடுமோ அதையே ஓட்டி, லோ பேட்டரி சத்தம் வரும்வரை எவ்வளவு நேரம் என்று பார்க்கிறேன். சத்தம் வந்ததும் மெயினை ஏற்றி உடனே சார்ஜில் விடுகிறேன், காலியாகவே கிடந்தால் பேட்டரி கெட்டுப்போகும். நேரத்தை மார்க்கர் பேனாவால் பேட்டரி மேலேயே எழுதிவிடுவது. என்னுடையதில் இப்போது மூன்று வரி இருக்கிறது: 6 மணி, 5.20, இந்த வருடம் 3.10. தண்ணீர் பார்த்தாகிவிட்டது, டெர்மினல் சுத்தம், மூன்றாவது செல் மட்டும் 1.160. கடைக்காரருக்குச் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை புதுசு கொண்டுவருகிறார்.